பீரோவுக்குப் பின்னால் இருந்த மோடம்

...சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு நிறத்தில் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது, இதற்கு என்ன அர்த்தம், வருகிறேன் என்கிறதா வரமாட்டேன் என்கிறதா, அட்டைப்பெட்டிக்குள் கிடந்த புத்தகத்தைப் பார்த்தால் பாதி சீனம், மீதி இங்கிலீஷ், அந்த இங்கிலீஷும் சீனம் மாதிரிதான் இருக்கிறது... இளவழகன் தரையில் குப்புறப் படுத்து, பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் தலையை நுழைத்து, அந்த வெள்ளை மோடத்தையே முறைத்துக்கொண்டிருந்தான். மணி பத்தேகால். பதினோரு மணிக்கு மனைவி பரிமளா சிங்கப்பூரிலிருந்து லேப்டாப்பில் வருவாள். மூன்று வருஷமாகப் போனில்தான் பேசினார்கள், அவள் அங்கே நர்ஸ், இவன் இங்கே விழுப்புரம் டிப்போவில் டயர் பிரிவு, வாரம் இரண்டு தடவை போன், அது போதும் என்றுதான் இருந்தது, போன வாரம் திடீரென்று, "ஒரு விஷயம் கேக்கணுங்க, போன்ல வேணாம், மொகத்தப் பாத்துதான் கேக்கணும், ஞாயித்துக்கெழமக்குள்ள வீட்டுக்கு நெட்டு போட்டுடுங்க, திங்கக்கெழம நான் ஆஸ்பத்திரியில பதில் சொல்லியாவணும்" என்றாள். பிரவுசிங் சென்டருக்குப் போகிறேனே என்றால் அதுவும் கூடாதாம், தட்டிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். சரி, போட்டாயிற்று, நேற்று சாயங்காலம் இருதயராஜ் என்று ஒருவர் வந்து ஒயரை இழுத்து, ஆணி அடித்து, இதைப் பீரோவுக்குப் பின்னால் போன் பாயிண்ட் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, "பத்து நிமிஷம் வுடுங்க சார், எல்லா லைட்டும் தானா எரிஞ்சிடும், திண்டிவனத்துல ஒரு கல்யாணம், நான் ஜல்தியா போவணும்" என்று பைக்கை எடுத்தவர்தான், இப்போது போன் ஸ்விட்ச் ஆஃப். பத்து நிமிஷமா, பதினாறு மணி நேரம் ஆகிறது, அந்தக் கல்யாணத்தில் தாலிகூடக் கட்டி முடித்திருப்பார்கள்.

புகார் நம்பரில் ஒரு பாட்டு, பாட்டுக்குப் பிறகு ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, பிறகு மறுபடியும் அதே பாட்டு, கடைசியில் ஒரு பெண் குரல், சார் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பண்ணினான். ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகுங்க. சொருகினான். இப்ப எரியுதா சார்? "எரியுதுங்க, எனக்குத்தான் எரியுது" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, அந்தப் பெண் என்ன செய்யும் பாவம், இதே கேள்வியைக் காலையிலிருந்து எத்தனை பேரிடம் கேட்டதோ. இருபது வருஷமாக டயர் பார்க்கிறான், டியூபில் ஓட்டை என்றால் தொட்டித் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும், குமிழி வந்த இடத்தில் ஓட்டை, முடிந்தது கதை, இதில் எதை எதில் முக்குவது, காற்றில் போகிறதாமே, காற்றில் எங்கே ஓட்டை தேடுவது? மகள் ஷாலினி பத்தாவது படிக்கிறாள், அவனுக்குப் பக்கத்தில் அவளும் படுத்து, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, லைன்னு எழுதியிருக்கிற ஓட்டையில போன் ஒயரு சொருகியிருக்கு, போன் ஓட்டையில லைன் ஒயரு, மாத்திச் சொருகிட்டுப் போயிருக்காரு" என்றாள். அவ்வளவுதான், மாற்றினாள், பச்சை நின்று எரிந்தது. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கல்யாண அவசரத்தில் ஒரு மனுஷன் இரண்டு ஒயரை மாற்றிச் சொருகிவிட்டுப் போனால் இன்னொரு மனுஷன் காலைக் காப்பிகூடக் குடிக்காமல் ஒட்டடைக்குள் மூஞ்சியை வைத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா?

அடுத்து பாஸ்வேர்டு. மோடத்தின் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டில் எறும்பு சைஸ் எழுத்து, நடுவே இரண்டு வட்டம், அது ஓவா, பூஜ்யமா, ஓ போட்டால் தப்பு, பூஜ்யம் போட்டால் தப்பு, முதலாவது ஓ, இரண்டாவது பூஜ்யம் என்று ஆறாவது தடவையில் திறந்தது. திறந்தும் என்ன பிரயோஜனம், ஹாலில் உட்கார முடியாது, ஆடி மாசம், முனையில் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள், குழாய் ஸ்பீக்கரின் வாய் நேராக இவன் ஜன்னலைத்தான் பார்க்கிறது. பின் அறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சிக்னல் ஒரே ஒரு கோடு, அதுவும் நிமிஷத்துக்கு ஒரு தடவை காணாமல் போகிறது. "இரும்பு பீரோ மறைக்குதுப்பா, அதுக்குப் பின்னாடி போய் யாராவது வெப்பாங்களா?" என்றாள் ஷாலினி. யாராவது வைப்பார்களா, அதைத்தான் அவனும் கேட்கிறான், ஒயர் மூன்று முழத்துக்கு மேல் நீளாது, மோடம் நகராது என்றால் பீரோதான் நகர வேண்டும். அவனுடைய கல்யாணத்துக்குத் திண்டிவனத்திலிருந்து லாரியில் வந்த பீரோ, பதினாறு வருஷமாக வைத்த இடம் மாறாதது. அப்பனும் மகளும் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள், அது கீழே சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு அழுதபடி நகர்ந்தது, அவன் காலில் ஒரு தடவை ஏறி இறங்கியது, கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. "இன்னாத்துக்குடி உங்கம்மாவுக்கு மொகத்தப் பாக்கணும்? மொகம் எங்க ஓடியா பூடும்?" என்று கத்தினான். ஷாலினி குனிந்து அவன் விரலைப் பார்த்தாள். பரிமளா என்ன கேட்கப்போகிறாள், கையெழுத்து விஷயம்தான், இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடட்டுமா என்று கேட்பாள், அதற்கு எதற்கு முகம், போடு என்றால் போடப்போகிறாள், போன தடவையும் அப்படித்தானே நடந்தது, வந்துடு பரிமளா, போதும், வந்துடு என்று வாராவாரம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான், டிப்போவில்கூட எல்லோருக்கும் தெரியும், விருத்தாசலம் அண்ணன் கேட்டால்கூட, "வந்துடுன்னு சொல்லிக்கினுதான் கீறேன்ணா, எங்க வர்றா" என்பான்...

பதினொன்று அடித்து இரண்டு நிமிஷம். பின் அறைக் கதவைச் சாத்தியதும் ஸ்பீக்கர் எங்கோ தூரத்துக்குப் போனது, கோடுகள் நாலும் நிமிர்ந்து நின்றன, லேப்டாப்பில் மணி அடித்தது, ஷாலினி எதையோ தட்டினாள், பரிமளா வந்தாள். இவ்வளவு தெளிவாக வருவாள் என்று அவன் நினைக்கவில்லை. காதோரம் நரை, கன்னம் ஒட்டியிருக்கிறது, மூக்கின் மேல் கண்ணாடி. கண்ணாடியா? "நீ எப்ப கண்ணாடி போட்ட?"

"ஒரு வருஷம் ஆவுது. சொன்னேனே."

சொன்னாளா? சொல்லியிருப்பாள், அன்றைக்கு டிப்போ வாசலில் நின்று பேசியிருப்பான், பஸ் சத்தத்தில் உம் போட்டிருப்பான். ஷாலினி அவன் தோளுக்கு மேலாக எட்டி, "அம்மா, சாப்ட்டியா, இன்னாம்மா இப்பிடி எளைச்சிட்ட" என்றாள், அவள் சிரித்தாள், சிரிப்புகூட ஒரு துளி விட்டுப்போகாமல் வந்து சேர்ந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நேராக அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, கையெழுத்து போடல. அடுத்த மாசத்தோட முடிச்சிக்கினு வந்துடட்டுமா?"

"ஆங்? கேக்கல பரிமளா, கட்டாவுது" என்றான் இளவழகன்.

அவன் வாயிலிருந்துதான் வந்தது. கட்டாகவில்லை, அவள் பின்னால் மின்விசிறியின் நிழல் சுவரில் சுற்றுவதுகூடத் தெரிகிறது, இதற்காகத்தானே காலையிலிருந்து தரையில் புரண்டான், அப்புறம் ஏன் அப்படிச் சொன்னான், சந்தோஷத்தில் வாய் குழறிவிட்டதா, அப்படி ஒன்றும் குழறவில்லையே, நிதானமாக, கண்டக்டர் சில்லறை இல்லை என்று சொல்வது மாதிரியல்லவா வந்தது... "நல்லாத்தானேப்பா கேக்குது" என்றாள் ஷாலினி, அவனைத் திரும்பிப் பார்த்து. பிறகு திரையைப் பார்த்து, "அம்மா, நீ வந்துடட்டுமான்னு கேட்டது நல்லா கேட்டுச்சிம்மா" என்றாள்.

பரிமளா மகளைப் பார்க்கவில்லை. கேள்வியைத் திரும்பக் கேட்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி இருந்தாள், நோயாளி தானாகச் சொல்லட்டும் என்று கட்டிலோரம் நிற்பவள் மாதிரி. இதற்குத்தான் முகம் வேண்டும் என்றாளா? வந்துடு என்று சொல்ல வேண்டும், ஒரே ஒரு வார்த்தை, மூன்று வருஷமாக வாரம் தவறாமல் சொன்ன வார்த்தை, அது எங்கே போயிற்று, தொண்டைக்குள் துழாவினான்... அவளால் வர முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்த நாட்களில்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோமோ என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. "பரிமளா" என்றான். "சொல்லுங்க, கேக்குது" என்றாள் அவள்.