மலாய்ப் படத்தின் தமிழ்க் காட்சி

ஒரு பெண் தன் கணவனைப் பார்த்து, "நீங்க பேசுறது என்ன மொழி?" என்று தமிழில் கேட்கிறாள். கணவன் பேசியதும் தமிழ்தான். படம் தொடங்கி ஒன்றரை மணி நேரமாக இருவரும் தமிழில்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

தியாகராய நகரில் பட்டுப்புடவைக் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் டப்பிங் ஸ்டூடியோ. ஒரு வாரமாக அங்கே இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் பெயர் ரகுபதி. டப்பிங் வசனம் எழுதுவதும் ஒலிப்பதிவைக் கவனிப்பதும் என் வேலை.

இது ஒரு மலாய்ப் படம்; நாங்கள் அதைத் தமிழில் டப் செய்கிறோம். நாயகன் பினாங்கில் பிறந்த மலாய்க்காரன் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. தாத்தா ஜாவாவிலிருந்து வந்தவர் என்று அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறான். உண்மையில் தாத்தா வந்தது நாகூரிலிருந்து. இதில் சட்ட மோசடி எதுவும் இல்லை. மலேசிய அரசியல் சட்டத்தின்படி முஸ்லிமாக இருந்து, வழக்கமாக மலாய் பேசி, மலாய்ப் பழக்கவழக்கத்தில் வாழ்பவர் மலாய்க்காரர். பிறந்த இடத்தைப் பற்றி இன்னொரு நிபந்தனையும் உண்டு, நமக்கு அது வேண்டாம். ரத்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே அவன் மலாய்க்காரன்தான். ஆனாலும் மறைக்கிறான். ஏனென்றால் அவன் மாமியார், "எங்க குடும்பத்துல இந்தியக் கலப்பு ஒரு துளி கிடையாது" என்று அடிக்கடி சொல்பவர். அப்படிச் சொல்லும்போது அவர் கையில் கறிக்குழம்புக் கரண்டி இருக்கிறது. கணவரைச் 'சுவாமி' என்கிறார், கடையைக் 'கெடாய்' என்கிறார். இரண்டுமே இந்தியாவிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள். இயக்குநர் அதை ஒரு சிரிப்புக்காக வைத்திருக்கிறார். தமிழில் அந்தச் சிரிப்பு கரைந்து போய்விடுகிறது. அது போகட்டும்.

போகவிட முடியாதது மருத்துவமனைக் காட்சி. சாகக் கிடக்கும் அப்பாவின் காதருகே குனிந்து நாயகன் முதன்முறையாகத் தமிழில் பேசுகிறான். கதவருகே நிற்கும் மனைவி அதைக் கேட்டுத் திகைத்து, "அபாங் சக்காப் பஹாசா அப்பா நி?" என்கிறாள். நீங்க பேசுறது என்ன மொழி? படம் முழுவதும் இந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கிறது.

மனைவிக்குக் குரல் கொடுப்பவர் எஸ்தர். நான்கு ஆண்டுகளாகக் கூட்டத்தில் கத்துவது, குழந்தையாக அழுவது, நாயகியின் இரண்டாவது தோழியாகச் சிரிப்பது என்று இருந்தவர். இதுதான் முதல் நாயகி வேடம்.

"அந்த ஒரு வரிக்காகத்தான் சார் இந்தப் படத்துக்கு இவ்வளவு ஆசைப்பட்டேன்" என்றார் எஸ்தர். அச்சடித்த மாதிரியான தமிழ். மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா அந்த வரியையும் ஷாட்டையும் தூக்கிடலாம்" என்றார் அஸ்வின். படத்தை வெளியிடும் இணையத் தளத்தின் ஆள். கோபாலபுரத்துக்காரர். அடையாளம், பண்பாட்டுக் கலப்பு என்பவற்றைப் பற்றிப் படம் போட்டு விளக்குவதில் கெட்டிக்காரர். "அப்பா கண்ணை மூடுறார், நேரா அடக்கம். கதை புரியுமே."

"கதை புரியும். நான்தான் இருக்க மாட்டேன்" என்றார் எஸ்தர்.

நாங்கள் முயன்றவற்றைச் சொல்கிறேன். மருத்துவமனையில் நாயகன் பேசும் தமிழைத் தெலுங்காக்கலாம் என்பது அஸ்வினின் யோசனை. டப்பிங்கில் இது பழைய வழிதான். ஆனால் கட்டிலுக்கு மேலே 'நாகூர்' என்று தமிழில் அச்சிட்ட காலண்டர், நம் எல்லோர் வீட்டிலும் இருப்பதைப் போன்றது, தெளிவாகத் தொங்குகிறது. அடுத்து, மனைவியின் அந்த வரியை மட்டும் மலாயிலேயே விட்டுப் பார்த்தோம். அதுவரை எஸ்தரின் குரலில் பேசியவள் திடீரென்று வேறொரு நடிகையின் குரலில் பேசியதும் படம் பேய்ப்படமாகிவிட்டது. எஸ்தரையே மலாயில் பேசச் சொன்னோம்.

நாயகனுக்குக் குரல் கொடுக்கும் ஷரீஃப் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பினாங்குல யாரும் கேட்டுடாம பார்த்துக்கங்க" என்றார்.

கேள்வியையே மாற்றலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மாற்றலாம். ஆனால் முகம் திரை முழுக்க இருக்கும்போது உதடுதான் முதலாளி. ப, ம போன்ற எழுத்துகளுக்கு உதடு மூடியாக வேண்டும். அந்த வரியில் நடிகையின் உதடு மூன்று முறை மூடுகிறது. தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவதற்குச் சற்று முன் ஒன்று. தமிழிலும் அந்த மூன்று இடங்களில் மூட வேண்டும். திகைப்பும் வேண்டும், பொருளும் வேண்டும். நான் எழுதியவற்றில் உதடு பொருந்தியவை அபத்தமாக இருந்தன. பொருள் பொருந்தியவற்றில் அவள் வாயை மூடிக்கொண்டு பேசினாள்.

வெள்ளிக்கிழமை காலை. எஸ்தர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால். இந்தப் பக்கம் நானும் ஷரீஃபும் அஸ்வினும். அஸ்வினுக்குப் போன் வந்தது. "இல்லேம்மா, சித்த நாழில ஆத்துக்கு வந்துடறேன். சாப்ட்டுண்டு இரு" என்று பேசிவிட்டு வைத்தார். அவர் முழங்கை பேச்சுப் பொத்தானில் இருந்ததால் அது எஸ்தருக்கும் கேட்டது. நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் எஸ்தரின் கைப்பேசி அதிர்ந்தது. அவர் அம்மா தேசம்மா நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்பவர். மைக் திறந்திருந்ததை எஸ்தர் மறந்துவிட்டார்.

"இன்னாம்மா, வேலைல கீறேன்னு சொன்னேன்ல? யாரு, மண்ணாங்கட்டி மாமாவா? அது இன்னாத்துக்கு நம்ம எடத்துல கொடைய நட்டுக்கினு கீது? நீ ஐஸ்பொட்டிய நவுத்தாத. நவுத்தாதன்றேன்! நான் வந்துக்கினே கீறேன்னு சொல்லு அதுகிட்ட."

எங்கள் பக்கத்து ஒலிபெருக்கியில் அவ்வளவும் தெளிவாக வந்து விழுந்தது. அஸ்வின் நாற்காலியோடு திரும்பிக் கண்ணாடி வழியாக எஸ்தரைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பேச்சுப் பொத்தானை அழுத்திக் கேட்டார்:

"இப்படிகூடப் பேசுவீங்களா, அப்போ?"

"மன்னிக்கணும் சார். வீட்டிலிருந்து அழைப்பு" என்று எஸ்தர் தன் அச்சுத் தமிழுக்குத் தாவினார். அஸ்வின் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தெரியும் சார். இனிமே மீன்காரி ரோலுக்கும் ரவுடியோட தங்கச்சி ரோலுக்கும்தான் கூப்பிடுவீங்க. நாலு வருஷமா எதுக்கு அளந்து அளந்து பேசினேன்னு நெனைக்கிறீங்க? நீங்க இப்ப உங்க அம்மாகிட்ட வூட்டுத் தமிழ்ல பேசினீங்களே, யாராவது திரும்பிப் பார்த்தாங்களா? நீங்க பேசினா பரம்பரை, நான் பேசினா காமெடியா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலை…" என்றார் அஸ்வின்.

"எம்மா, படத்துல வர்ற என் மாமியாரு கரண்டியோட வராத குறைதான்" என்றார் ஷரீஃப்.

நான் இவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. அஸ்வின் கேட்ட கேள்வியை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். 'இப்படி'யில் ஒரு மூடல். 'கூடப் பேசு' என்னும் இடத்தில் ஒரு மூடல். 'அப்போ'வில் ஒரு மூடல். திரையில் அந்த ஷாட்டை ஓடவிட்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நடிகையின் உதடு என்னோடு சேர்ந்து மூடியது.

"எஸ்தர், ஹெட்போனை மாட்டும்மா. அஸ்வின் இப்ப கேட்டதை அப்படியே அவரைப் பார்த்த மாதிரி கேளு."

"கிண்டலா சார்?"

"இல்லை. உன் வரி."

பிறகு பேச்சுப் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே ஷரீஃபிடம் திரும்பினேன். அதுவரை அந்தக் காட்சியில் அவர், "கவலைப்படாதீங்கப்பா, நான் இங்கேயேதான் இருக்கிறேன்" என்று பேசியிருந்தார். அவரும் நாகூர்க்காரர்தான். "உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். சென்னைக்கு வந்து மைக்கைப் பிடித்த நாளிலிருந்து வாப்பாவிடம் பேசும் பேச்சை இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்ததில்லையாம்.

"வாப்பா… நான் இங்கனதான் ஈக்கிறேன் வாப்பா. ஒண்ணும் ஆவாது" என்றார், மெதுவாக.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஸ்தர் அதைக் கேட்டுத் தலை நிமிர்ந்தார். ஒத்திகை இல்லாமலே கேட்டுவிட்டார். நல்லவேளை, பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

பதிவானதை அஸ்வின் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். "ஆனா சார், அவளுக்கு அது வேற மொழின்னு ஆடியன்ஸுக்கு எப்படிப் புரியும்?"

"மொழியோட பேரு புரிய வேண்டாம். கட்டினவனுக்கு இன்னொரு வாய் இருந்திருக்குன்னு புரிஞ்சா போதும். உங்களுக்கு இப்ப எப்படிப் புரிஞ்சுது?"

அவர் எஸ்தரைப் பார்த்தார். "வெட்ட வேண்டாம்" என்றார்.

ஒரு சங்கடம் மட்டும் மிச்சம் இருந்தது. மற்ற காட்சிகளில் ஷரீஃபின் பேச்சு டப்பிங் மாதிரியே தெரியக்கூடாது என்று பத்து நாள் பாடுபட்டு இளக்கி வைத்திருந்தோம். இப்போது அந்த இயல்பு இடைஞ்சலாகிவிட்டது. முன்பகுதி விறைப்பாக இருந்தால்தான் மருத்துவமனையில் பேச்சு இளகுவது காதில் விழும். எனவே நன்றாக இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, நம் ஊரில் யாருமே பேசாத அந்த டப்பிங் தமிழில் மறுபடியும் பதிவு செய்தோம். எஸ்தர்தான் ஷரீஃபுக்குச் சொல்லிக்கொடுத்தார். "இன்னும் வெறப்பா, நைனா. மாமியார் கேட்டுக்கினு கீது" என்று.

தீர்வு இதுதான். படம் முழுவதும் எல்லோரும் மைக் தமிழில் பேசுகிறார்கள். வாப்பாவின் கட்டிலருகே மட்டும் நாயகன் வீட்டுத் தமிழில் பேசுகிறான். மனைவி அது என்ன மொழி என்று கேட்பதில்லை. "இப்படிகூடப் பேசுவீங்களா, அப்போ?" என்று கேட்கிறாள். உதடு மூன்று இடங்களிலும் சரியாக மூடுகிறது.