கசக்காத மாத்திரை

மகளுக்கு ஒரு தும்மல் வந்தாலே அவள் முகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். மற்ற பிள்ளைகளுக்குச் சளி மூக்கோடு போகும். இவளுக்கோ சிறுநீரில் புரதம் ஒழுகி, இரண்டே நாளில் கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கிவிடும். ஸ்டீராய்டு கொடுத்தால் வற்றும், அடுத்த சளியில் மறுபடியும் வீங்கும். ஆறு வயதுக்குள் நான்கு முறை ஆகிவிட்டது.

அதனால்தான் மருந்து ஆராய்ச்சியில் சேர்த்தோம். சளி பிடித்தால் அவர்கள் தந்த டப்பாவிலிருந்து ஆறு நாள், தினம் ஒரு மாத்திரை. பாதிப் பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். சரி என்று பெரிய மனுஷி மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மூக்கு ஒழுகியது. முதல் மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஸ்டீராய்டின் கசப்பு எனக்கு அத்துப்படி. இது கசக்கவே இல்லை.

"மாவு குடுக்க நம்ம பிள்ளைதான் கெடச்சாளா இவங்களுக்கு?"

"சொன்னபடி செய்யேன்," என்றார் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. அவருக்கென்ன, வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

அலமாரியில் பழைய ஸ்டீராய்டு மிச்சம் இருந்தது. தேனில் குழைத்து அதையும் தினமும் கொடுத்தேன். காலையில் முதல் சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை முக்கி, ஜன்னலோரம் நின்று பார்ப்பேன். புரதம் ஒழுகினால் பச்சையாகும். அது மஞ்சளாகவே இருந்தது. மகள்தான் பசி, பசி என்று பிய்த்தெடுத்தாள். தூங்காமல் கட்டிலில் குதித்தாள். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள். கையில் சுற்றிய பட்டையை அவிழ்த்துக் கட்டி மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, பிரஷர் கூடியிருக்கு. வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தேன்ல மாத்திரை!" என்றாள் மகள், காலை ஆட்டிக்கொண்டே.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நாக்கில் வைத்ததையும்கூட. நர்ஸ் திட்டியிருந்தால் தேவலாம்.

"அம்மாங்க நாக்குல வச்சுப் பாப்பாங்கன்னு தெரியும்க்கா. அதனாலதான் ரெண்டு மாத்திரைக்குமே கசக்காத மாதிரி மேல பூசியிருக்கு."

அப்படியானால் அதுவும் ஸ்டீராய்டுதானோ? ஐந்து நாளும் இரட்டை அளவா? டாக்டர் வந்தார். மகளுக்கு எது என்று எழுதி ஒட்டிய ரகசியக் கவரைக் கொண்டுவரச் சொன்னார்.

மாவாக இருக்கக் கூடாது என்று ஐந்து நாளாக அடித்துக்கொண்டவள் நான்தான். இப்போது மகளின் சூடான உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, மாவாக இருக்கட்டும், மாவாகவே இருக்கட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.