நண்பர் ஒருவரின் எண்

கடன் தரும் செயலி கேட்ட எல்லாவற்றையும் வீணா கொடுத்துவிட்டாள். ஆதார், பான், கல்லூரி அடையாள அட்டை, முகத்தை இடமும் வலமும் திருப்பி எடுத்த படம். குடும்பத்தில் ஒருவர் என்ற இடத்தில் அம்மா சந்திரம்மாவின் எண். கடைசியாக ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. நண்பர் ஒருவரின் பெயர், எண்.

அங்கேதான் நின்றுவிட்டாள்.

எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி செமஸ்டரின் கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. அரசு உதவித்தொகை வரும்தான். ஆனால் எல்லா வருடமும் போலத் தேர்வெல்லாம் முடிந்து ஆற அமர வரும். அம்மா வைட்ஃபீல்டில் சமையல் செய்யும் வீடுகளில் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. இனி இந்த மூன்று மாதக் கடன்தான்.

கைபேசியில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். மாமா, சிலிண்டர் கடை, துறை அலுவலகம், அம்மா வேலை செய்யும் வீட்டு மேடம். பிறகு சுனிதா. முதல் வருடம் ஒரு முறை "ரெக்கார்ட் நாளைக்கா?" என்று கேட்டிருந்தவள். "ஆமாம்" என்று வீணா எழுதியிருந்தாள். அதோடு பேச்சு முடிந்திருந்தது.

ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் முறை. 'உன் நம்பரைக் கொடுக்கலாமா' என்று எழுதி அழித்தாள். முன்னால் ஒரு 'ஹாய்' சேர்த்து எழுதி அதையும் அழித்தாள். முகம் தெரியாத கம்பெனியிடம் பதினெட்டாயிரம் கேட்க அவளுக்குக் கூச்சமே இருக்கவில்லை. லேபில் இரண்டு மேசை தள்ளி நிற்பவளிடம் கேட்க முடியவில்லை. எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

"எனக்கு போன் வந்தா, ஆமா என் பொண்ணுதான்னு சொல்லிட்றேன்," என்றாள் அம்மா. "இன்னொரு நம்பர் யார்து குடுத்தே?"

"காலேஜ்ல ஒருத்தி. சுனிதான்னு."

"அப்படி ஒருத்தி இருக்கறதையே சொன்னதில்லையே நீ?"

வீணா குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாள் லேபில் சுனிதாவின் கைபேசி அடித்தது. கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவள் குரலை உயர்த்தினாள்.

"வீணாவா? எந்த வீணா?"

வீணாவின் விரல் பியூரெட்டின் திருகில் இருந்தது. நான்தான் என்று கையைத் தூக்கினால் போதும். கை தூக்க வரவில்லை. குடுவையில் வெளிர் ரோஜாவில் நிற்க வேண்டிய நிறம் கத்தரிப்பூவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுனிதா தெரியாது என்று சொல்லிவிட்டால் பணம் இல்லை, பரீட்சையும் இல்லை.

சுனிதாவின் பார்வை ஒவ்வொரு மேசையாக வந்து வீணாவின் முகத்தில் நின்றது.

"ஓ, நம்ம வீணாவா! தெரியாம என்ன? கிளோஸ் ஃப்ரெண்ட் சார்." கைபேசியைத் துப்பட்டாவில் அழுத்தி மூடிக்கொண்டு இவளிடம் கிசுகிசுத்தாள். "ஏய், வீடு எங்கே உனக்கு?"

"ஜோகுபாளையா."

"ஜோகுபாளையா சார். எத்தனை தடவை போயிருக்கேன்! போனா அவங்கம்மா சாப்பிடாம விடமாட்டாங்க."

பொய் தங்குதடையில்லாமல் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த வீணாவுக்கே அது நடந்தது போல இருந்தது. சின்னக் கூடத்தில் சுனிதா தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். போதும் ஆன்ட்டி, போதும் என்கிறாள். அம்மா கேட்காமல் இன்னொரு கரண்டி வைக்கிறாள்.

"முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா?" போனை வைத்துவிட்டு சுனிதா பக்கத்தில் வந்தாள். "ஏதோ ஸ்கேம்னு கட் பண்ணியிருப்பேன்."

"சாரி."

"சாரி எதுக்கு? போன செம் நானும் எடுத்தேன். எங்கண்ணன் நம்பரையே ஃப்ரெண்டுன்னு குடுத்துட்டேன். அந்தக் கழுதை, 'அவளுக்கா கடன் குடுக்கறீங்க, யோசிச்சுக்கங்க சார்'ங்கறான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் ஒரு கணம் நின்றாள். வீணாவின் முறை அது. அப்புறம் பணம் வந்ததா என்றாவது கேட்டிருக்கலாம்.

"தேங்க் யூ," என்றாள் வீணா, நேர்காணல் முடிந்து எழுந்திருக்கிறவளைப் போல.

"சரி, விடு." சுனிதா தன் மேசைக்குப் போய்விட்டாள். வீணா குடுவையைக் கழுவி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை பணம் வந்தது. அன்றே கட்டணத்தைக் கட்டி, அலுவலகத்தில் ரசீதைக் காட்டினாள். ஹால் டிக்கெட் உறுதியாகிவிட்டது. அதைக் கையில் வாங்கியது போலவே இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. அம்மா போனை எடுக்கவில்லை. அடுப்படியில் இருக்கும் நேரம்.

படிக்கட்டின் மேல் வளைவில் சுனிதா தன் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள். வழி விடக் காலை மடக்கிக்கொண்டே கேட்டாள்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"சூப்பர்!"

வீணா அவர்களைத் தாண்டி இறங்கினாள். மூன்றாவது படியில் இருக்கும்போது பின்னால் ஒருத்தி தணிந்த குரலில் கன்னடத்தில் கேட்டாள். "யாரே அவளு?"

சுனிதாவின் பதில் காதில் விழுந்துவிடும் முன், வீணா மிச்சப் படிகளை ஓட்டமாக இறங்கினாள்.