இலட்சுமி எழுதிய விடை

கேகாலையில் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள், கிருஷ்ணகுமாரி டீச்சர் கையை உயர்த்திச் சொன்ன விடை பிழையாகிப் போனது. ஒரே கம்பியில் அடுத்தடுத்து இரண்டு மின்குமிழ்கள். எதற்குள் கூடுதலாக மின்னோட்டம் போகும் என்று கேட்டார் பயிற்சியாளர் ஹுஸைன் சேர்.

"முதல் குமிழுக்குத்தான் சேர். அது எடுத்தது போக மிச்சந்தானே ரெண்டாவதுக்கு."

பதினொரு வருடமாக வகுப்பில் சொல்லி வருவதாயிற்றே, குரலில் தயக்கமே இல்லை. சேர் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானியை அவள் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்களேன் டீச்சர்" என்றார். முதல் குமிழுக்கு முன்னால் பொருத்திப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் பார்த்தாள். கடைசியிலும் பார்த்தாள். மூன்று இடத்திலும் முள் ஒரே கோட்டில் நின்றது.

தமிழும் வரலாறும் படித்து ஆசிரியையானவள் அவள். தெரணியகலைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் கிழமையே, "ஆள் வாற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க" என்று அதிபர் விஞ்ஞானப் புத்தகத்தைக் கையில் வைத்துவிட்டார். ஆள் வரவேயில்லை. புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பாள். புரியாத இடத்தைத் தனக்குத் தோன்றியபடி விளக்குவாள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் நெஞ்சு படபடக்கும். கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்கு அரசாங்கச் செலவில் பத்து நாள் பயிற்சி, தங்குமிடமும் சாப்பாடும் பஸ் காசும் உண்டு என்று கடிதம் வந்தபோது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேச்சுக் கேட்கும் கூட்டமாக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

தேநீர் இடைவேளையில் அவள் குடிக்கப் போகவில்லை. குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள். எட்டு வருடத்துக்கு முன், ஒன்பதாம் ஆண்டில் இலட்சுமி என்றொரு பிள்ளை, இரண்டு குமிழுக்கும் ஒரே அளவுதான் என்று சோதனைத் தாளில் எழுதியிருந்தாள். டீச்சர் அதைச் சிவப்புப் பேனாவால் வெட்டியதும் இலட்சுமி எழுந்து கேட்டாள்: "நம்ம லயத்துப் பீலிக் குழாயில ஓடுற தண்ணி மாதிரிதானே டீச்சர்? மேல எவ்வளவு விழுகுதோ, அவ்வளவுதானே கீழ வரும்?" அதிகப்பிரசங்கி என்று திட்டி உட்கார வைத்தாள் டீச்சர். மறுவருடம் அப்பாவுக்கு முடியாமல் போக, இலட்சுமி றப்பர் பால் வெட்டப் போய்விட்டாள். அவள் படிப்பு நின்றது இதனால் இல்லைதான். ஆனாலும் அந்தச் சிவப்புக் கோடு தன் கை போட்டது.

மாவனல்லையிலிருந்து வந்திருந்த றஸ்மியா டீச்சர் இரண்டு கோப்பைகளோடு பக்கத்தில் வந்து நின்றாள். "அழ வேணாம். நானும் அப்படித்தான் படிச்சுக் குடுத்துட்டு இருந்தேன். பதினாலு வருஷம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கிருஷ்ணகுமாரிக்கும் சிரிப்பு வந்தது.

மிச்ச ஏழு நாளும் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க ஹுஸைன் சேர் சலிக்காமல் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அதுவே அவளுக்குப் புதிதாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், எந்த அரசாங்கக் கந்தோரிலோ யாரோ ஒருவர் பட்டியலில் தங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதியிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள். முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து மனம் நெகிழ்ந்து போனது.

சனிக்கிழமை காலை றப்பர் மலைக்கு ஏறினாள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்ற இலட்சுமி பதறிப்போனாள்.

"என்ன டீச்சர், மலைக்கே வந்துட்டீங்க?"

"ஒன்பதாம் ஆண்டுல ரெண்டு குமிழுக்கும் ஒரே அளவுன்னு எழுதுனியே, நான் வெட்டிட்டேன். நீ எழுதுனதுதான் சரி. நான்தான் பிழையாப் படிச்சுக் குடுத்துட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

இலட்சுமி கையைப் படங்கில் துடைத்தாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க டீச்சர். அடுத்த தவணைச் சோதனையிலயும் அதே கேள்வி வந்துச்சு. நீங்க சொன்னதையே எழுதுனேன். சரி போட்டீங்க."

சொல்லிவிட்டு, வேறெதையோ யோசிப்பதுபோல் தலையைச் சாய்த்தாள்.

"அப்ப ஒண்ணு கேக்கவாங்க டீச்சர்? ரெண்டுலயும் சமமா ஓடுதுன்னா, ஒத்தக் குமிழு எரிஞ்ச மாதிரி ரெண்டும் ஏன் பளிச்சுன்னு எரிய மாட்டேங்குது? மங்கித்தானே போகுது?"

இதே கேள்வியை நாலாம் நாள் கேகாலையில் டீச்சரும் கேட்டிருந்தாள். நெஞ்சு படபடக்கவில்லை. "ரெண்டையும் போட்டா மொத்த ஓட்டமே கொறையும். ஏன்னு சொல்றேன், மொதல்ல நீ படத்தப் போடு" என்று வேரில் உட்கார்ந்தாள். பால் எடுக்க இன்னும் நேரமிருந்தது. இலட்சுமி குந்தி, சருகை ஒதுக்கிவிட்டு, கத்தி முனையால் ஈர மண்ணில் கம்பியைக் கீறத் தொடங்கினாள். சுற்றிலும் மரத்துக்கு மரம் சிரட்டைக்குள் பால் சொட்டிக்கொண்டிருந்தது.