அம்மாவின் மச்சம்

சமையலறைக் கதவு இருந்த இடம் அப்போது எட்டு மாதமாக வெறும் நிலையாகத்தான் இருந்தது. கதவைக் கழற்றி அதில் என் அம்மாவின் முகத்தைச் செதுக்கினாள் என் மனைவி. கதவு போனதிலிருந்து அம்மா அவளோடு பேசவில்லை. உளிச் சத்தத்துக்காகத் தெருவில் அவளுக்கு வைத்த பெயர் மரங்கொத்தி. அவளைக் கட்டிக்கொண்ட எனக்கு வீட்டில் இரண்டு பக்கமும் இடி.

கண்காட்சிக்காரர்கள் இரண்டு முறை அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மரத்தில் மை தடவித் தாளில் ஒற்றுவது ஓவியமே அல்ல, அச்சகத்துக்குப் போங்கள் என்றார்களாம். "ஆளுயரத்துக்கு ஒண்ணு கொண்டுவரேன், பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சவால் விட்டுவிட்டு வந்தாள். அச்செடுக்க உட்கார்ந்த நாளன்று மாலை நான்கு மணிதான் கெடு. அந்த அளவில் கிடைத்தது ஒரே ஒரு தாள். அவ்வளவு பெரிய அச்சு இயந்திரமும் எங்கும் இல்லை.

கூடத்தில் கதவைக் கிடத்தி, உருளையால் கறுப்பு மை தேய்த்து, தாளை விரித்து அதன்மேல் கம்பளியைப் போர்த்தினாள்.

"ஏறி மிதிங்க."

"பெத்தவ மூஞ்சியில காலை வைக்கச் சொல்றியே, அடுக்குமா?"

"மூக்குக்கிட்ட மட்டும் மெதுவா மிதிங்க, போதும்."

நானும் என் தங்கையும் மிதித்தோம். உள்ளே அம்மா பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்து மனைவி தாளின் ஓரத்தைப் பிடித்து உரித்தாள். அம்மாவின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் தாளில் விழுந்திருந்தது.

"அண்ணி, அம்மாவுக்கு மச்சம் இடது கன்னத்துலதானே?" என்றாள் தங்கை.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் மெல்லிய தாளில் வரைந்து, அச்சில் நேராக விழ அதைக் கவிழ்த்து ஒட்டித்தான் செதுக்குவாள். அம்மா உட்கார்ந்து கொடுக்காததால், அடுப்படியில் நின்றவளைப் பார்த்தபடியே நேராகக் கதவில் செதுக்கியிருந்தாள். அச்சில் முகமே இடம் வலமாகிவிட்டது. வேறு தாளும் இல்லை. "போச்சு" என்றாள். அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஈரக் கையோடு அம்மா வந்து நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாருடி மாறிப்போச்சுன்னு சொன்னது? தினமும் கண்ணாடியில நான் பாக்கிற மூஞ்சி இதுதான். நீங்கள்லாம் என்னைப் பாக்கிறதுதான் திரும்பியிருக்கு." பிறகு மருமகளிடம், எட்டு மாதத்தில் முதல் வார்த்தையாக, "எந்திரி. மணியாகுது" என்றாள்.

மூன்றே முக்காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்தக் கண்காட்சிக் கூடத்துச் சுவரில் முதன்முதலாக ஏறிய அச்சு அதுதான். இன்று அவளிடம் படித்தவர்கள் யாரும் முகத்தைக் கவிழ்த்துச் செதுக்குவதில்லை. ஏன் என்று கேட்டால், எங்கள் குருவின் மாமியார் உத்தரவு என்கிறார்கள்.

திறப்பு நாளன்று ஓவியர்கள் ஒதுங்கி வழிவிட, அம்மா அந்த ஆளுயர முகத்தின் எதிரே போய் நின்றாள். தலையை லேசாகச் சாய்த்தாள். நெற்றியில் கலைந்திருந்த முடியை, அதைப் பார்த்தே சரிசெய்துகொண்டாள்.