பத்தாம் நம்பர் வரி

20.
எழுதப்பட்ட எதற்கும் சொந்தக்காரர் கிடையாது. மனித குலம் இத்தனை காலம் தவறவிட்ட இந்த உண்மையை 1986 ஆடி மாதம், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நின்றபடியே நான் கண்டுபிடித்தேன். இந்தக் கதையும் அங்கேதான் பிறந்தது. ஆகவே தலைப்புக்குக் கீழே என் பெயர் இருக்காது. தேட வேண்டாம்.

(10 எங்கே என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.)

30.
முதலில் எழுதிய ஆரம்பம்: ‘அறிவியலின் ஒளி அரியலூரெங்கும் பரவிய அந்தப் பொற்காலத்தில்...’ அடித்துவிட்டேன். பரவியது சிமெண்ட் தூசி.

இன்னொன்று: எங்கள் காலேஜ் கம்ப்யூட்டர் கிளப்பில் ஐந்து பேர், ஒரு கம்ப்யூட்டர். செல்லதுரையின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்பதால் செல்லதுரை தலைவன். டிவியில் மாட்டினால் எழுத்து வரும். புரோகிராமைப் பாட்டுக் கேசட்டில்தான் பதிவு செய்வோம். அதைக் காப்பி எடுப்பது திருட்டா இல்லையா என்று தினமும் சண்டை. புதுச் சட்டத்தில் புரோகிராமையும் இலக்கியத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்று மலர்கொடி பேப்பரில் படித்துவிட்டு வந்தாள். அப்படியானால் கதாநாயகி எங்கே என்று கேட்டேன்.

40.
கதாநாயகி எதிரேதான் நின்றாள். மலர்கொடி, குன்னத்துக்காரி, கணிதம் மூன்றாமாண்டு. பிறந்த தேதியைக் கொடுத்தால் கிழமை சொல்லும் புரோகிராமை எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர். 10-ஆம் வரி அவள் பெயரைத் திரையில் காட்டும். கடைசி வரி ‘திரும்பப் பத்துக்குப் போ’ என்று சொல்லும். அங்கிருந்து அடுத்த ஆளின் தேதியைக் கேட்க ஆரம்பிக்கும்.

பேரே தேவையில்லை, பஸ் சீட்டில் ஆணியால் பேர் கிறுக்குகிறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“சீட்டு செஞ்சவனே பேரு எழுதுனா அது கிறுக்கலாங்க?” என்றாள்.

(போன பிரதியில் இந்த வசனத்தை நான் பேசியதாக எழுதியிருந்தேன். எடுப்பாக இருந்தது.)

45.
இது இடையில் செருகியது. பத்துப் பத்தாக நம்பர் போடுவதே இப்படிச் செருகத்தான். மலர்கொடியைத் திருச்சிக்கு மேல்படிப்புக்கு அனுப்புவதா, கட்டிக்கொடுத்துவிடுவதா என்று அவள் அப்பா பெரியசாமி யோசித்துக்கொண்டிருந்தார். பருத்திக்காட்டு வேலையைப் போட்டுவிட்டு, எங்கள் கிளப் அந்தப் புரோகிராமைக் காட்டவிருந்த பெரம்பலூர் கண்காட்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாராம். உம் பேரு அதுல வருதான்னு எங்கண்ணால பாக்கணும் என்றாராம். முன்பே தெரிந்திருந்தால் நான்—

(வாக்கியம் அவ்வளவுதான் வருகிறது.)

50.
கண்காட்சி. மலர்கொடி வருவதற்குள் செல்லதுரை ஓட்டிக்காட்டினான். தலைமை விருந்தினர் வியாழக்கிழமை பிறந்தவர் என்று டிவி சொன்னது. கைதட்டினார்கள். அதோடு நின்றுபோயிற்று. பத்தாம் வரியைக் காணோம் என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு புகார். செல்லதுரை டிவியின் தலையில் தட்டினான்.

அந்த நேரம் பார்த்துக் குன்னம் பஸ்ஸில் வந்து இறங்கிய மலர்கொடியும் பெரியசாமியும் உள்ளே வந்தார்கள்.

“பத்தாவது வரிய யாரு எடுத்தது?” என்றாள் மலர்கொடி.

“பேரு மட்டுந்தான இருந்துச்சு, அழிச்சுட்டேன். பேரே தேவையில்லன்னு பழனிவேல்தான் சொன்னான்” என்றான் செல்லதுரை.

பழனிவேல் என்பது நான்.

பெரியசாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பொதுவாகக் கேட்டார்: “எம்பொண்ணு செஞ்சது இதுல எதுங்க?”

60.
முடிவு ஒன்று: மலர்கொடி என்னை அறைகிறாள். (காலேஜ் மலரில் போட மாட்டார்கள்.)

முடிவு இரண்டு: நான் மேடையேறி மன்னிப்புக் கேட்கிறேன். (மைக் வேலை செய்யவில்லை.)

நடந்தது: அவள் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே அடிங்க. பத்துன்னு ஒரு வரி இருந்தா போதும், என்ன எழுதுனாலும் ஓடும்.”

உண்மைதான். சும்மா ஒரு கோடு காட்டச் சொல்லியிருந்தாலும் ஓடியிருக்கும். உட்கார்ந்து பத்தாம் வரியை ஒற்றை விரலால் அடித்தேன். பெரியசாமிக்கு ஆங்கில எழுத்து தெரியாது. மலர்கொடி திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்துக்காட்டினாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

திருச்சிக்கு அனுப்பினாரா என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிப் பாருங்கள். எழுதினால் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.

70.
திரும்பப் பத்துக்குப் போகவும்.

10.
எழுதியது: பெ. மலர்கொடி, குன்னம்.