சுருட்டிய வாசலில் ஒரு குடித்தனம்

கூடாரத்து வாசல் துணியைக் கீழே இறக்கலாம் என்று நாடாவை அவிழ்க்கப் போனவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சுருட்டிக் கட்டியிருந்த துணியின் மடிப்பில் நாரும் பஞ்சுமாக ஒரு கூடு. உள்ளே மூன்று முட்டைகள். பக்கத்துக் கிளையில் ஒரு சின்னக் குருவி அவளைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது.

தப்பு அவளுடையதுதான். ஒவ்வொரு கூடாரத்தையும் அவ்வப்போது காலியாகப் போட்டு, மிதிபட்ட புல் மறுபடி தலைதூக்கும் வரை ஆளே விடாமல் இருப்பது, கூடாரங்களை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடும் இந்தக் குடும்பத்தின் வழக்கம். அப்போது வாசலை இறக்கி மூடிவிட வேண்டும். இவளோ காற்றாடட்டுமே என்று சுருட்டிக் கட்டிவிட்டு, சுத்தமாக மறந்துபோனாள். குருவிக்கு என்ன, திறந்த வீடு கிடைத்தால் விடுமா?

இன்றைக்கென்று பார்த்து இந்தக் கூடாரத்துக்குத்தான் விருந்தாளிகள். மற்றவையெல்லாம் மரமேடை மேல் நிற்பவை, படியேற வேண்டும். தரையோடு இருப்பது இது ஒன்றுதான். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த தன் அப்பா, ஒரு ராத்திரியாவது காற்றுச் சத்தம் கேட்டபடி தூங்க ஆசைப்படுகிறார் என்று, இடம் கேட்டுப் போன் செய்த பெண் கெஞ்சினாள். "கூட்டிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்ததும் சாட்சாத் இவள்தான்.

கணவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"பதமா எடுத்து அந்தக் கிளையில வச்சிரலாமா?"

"வச்சா தாய் திரும்பி வராதுங்க."

"அப்ப அவங்கள வரவேணாம்னு சொல்லிரவா?"

"ஐயோ, வேண்டாங்க."

"கூடும் வேணும், ஆளும் வேணும். நல்லா இருக்கே கதை!"

"குத்திக்காட்டாதீங்க."

சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்த நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் அண்ணி, வாசல மூடாமலே விட்டா என்ன? கட்டிலச் சுத்திக் கொசுவலையக் கட்டுங்க. குருவிக்கும் சேத்து நான் சமைச்சிடறேன், போதுமா?"

உடம்புக்கு முடியாதவரைத் திறந்த கூடாரத்திலா என்று கணவன் இழுத்தான். அவரையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

பிற்பகலில் கார் வந்தது. கைத்தடியும் கம்பளிச் சட்டையுமாக இறங்கியவரிடம் அவள் எதையும் ஒளிக்காமல் சொன்னாள். மகளின் முகம் சுருங்கியது. பெரியவர் கூட்டை அண்ணாந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில கதவு தொறந்தாலே ஊசியோடதான் ஆள் வரும். இந்தக் கதவு தொறந்தே கெடக்கட்டும்மா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் ஐயா" என்றாள். கொசுவலையைக் கட்டும்போது, கரண்டி பிடிக்கும் நாத்தனாருக்கும் அத்தனை யோசனையைக் கொடுத்தானே கடவுள் என்று மனசு குளிர்ந்தது.

ஆனால் குருவி வரவில்லை. ஆள் நடமாட்டத்தில் மிரண்டு, கிளைவிட்டுக் கிளை தாவிக்கொண்டே இருந்தது. இப்படியே போனால் முட்டை குளிர்ந்துவிடுமே என்று அவளுக்குப் பதைத்தது. குடும்பமே மரத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மகள் மாத்திரையும் தண்ணீருமாகக் கூடாரத்தை நெருங்கினாள். வலைக்குள் படுத்திருந்த பெரியவர் தலையைத் திருப்பாமல், நில் என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினார். அவள் அப்படியே நின்றாள். குருவி கூடாரக் கயிற்றுக்கு வந்தது. அங்கிருந்து துணிச்சுருளுக்கு. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முட்டைகளின் மேல் இறகை விரித்து அமர்ந்தது.

அதற்குப் பிறகும் வலைக்குள் அந்த விரல் இறங்கவில்லை.